சுகர் ஃப்ரீ பாக்கெட்டின் பின்பக்கம்

கும்பகோணம் பக்கம் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. "காபிக்குச் சீனிக்குப் பதிலா இனிப்பு மாத்திரைதாம்மா போட்டுக்கறேன், அப்புறம் எப்படி சுகர் ஏறுது?" என்று கேட்காத ஆளே இல்லை. யாரும் பொய் சொல்வதில்லை. டிகிரி காபியில் சீனியை நிறுத்தியது உண்மைதான். அந்தத் தெம்பில் மத்தியானம் சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று தடவை சோறு விழும். சாயங்காலம் சுகர் ஃப்ரீ பிஸ்கட் ஐந்தாறு.

அப்படி ஒரு பாக்கெட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார் ஒரு பெரியவர். திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தோம். முதலில் மைதா, அடுத்து பாமாயில், பிறகு மால்டிடால் என்ற மாற்று இனிப்பு. சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பூட்டி கடைசியில்தான் வருகிறது. 100 கிராமில் மாவுச்சத்து 60 கிராமுக்கு மேல். மால்டிடாலும் சீனி அளவுக்கு இல்லாவிட்டாலும் ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அளவு மீறினால் வயிற்றுப்போக்கு வேறு. "சீனி மட்டும் இல்ல, மத்ததெல்லாம் இருக்குன்னு சொல்லுங்க" என்றார் பெரியவர். ஸ்வீட் ஸ்டால் சுகர் ஃப்ரீ மைசூர்பாகும் இதே கதைதான். கடலை மாவும் நெய்யும் எங்கே போய்விடும்?

இதற்கு நேர் எதிர்ப் பக்கம், வாட்ஸப்பில் சுற்றும் புற்றுநோய்ப் பயம். 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டியை 2பி பிரிவில் சேர்த்தது. புற்றுநோயை உண்டாக்கக்கூடும், ஆனால் சான்று குறைவு என்பதுதான் அந்தப் பிரிவு. கற்றாழையின் முழு இலைச்சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அதே சமயத்தில் இன்னொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட, ஒரே நாளில் 9 முதல் 14 டயட் சோடா டின்களைக் குடிக்க வேண்டும். காபிக்கு இரண்டு மாத்திரை போடுபவர் இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். பினைலாலனின் என்ற புரதக்கூறை உடம்பு உடைக்க முடியாத பினைல்கீட்டோனூரியா என்ற நோய் பிறவியிலேயே உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது.

எனக்கு யோசனை தருவது வேறு ஆய்வு. 2022இல் இஸ்ரேலில், இனிப்பூட்டிகள் பழக்கமில்லாத ஆரோக்கியமான 120 பேரை வைத்து நடந்தது. இரண்டு வாரம், அனுமதித்த அளவுக்கும் குறைவாகவே கொடுத்தார்கள். சாக்கரின், சுக்ரலோஸ் எடுத்தவர்களுக்குக் குளுக்கோஸைச் சமாளிக்கும் திறன் சற்றுக் குறைந்தது. குடல் நுண்ணுயிர்களும் மாறின. ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருந்தது. சின்ன ஆய்வு, குறுகிய காலம். என்றாலும், உடம்பு இவற்றைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது என்ற பேச்சு அதோடு ஆட்டம் கண்டது. எடை குறைக்க இவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் சொன்னது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. அதனால் நோயாளியின் காபி மாத்திரையை நான் பிடுங்குவதில்லை. நோயே இல்லாமல் இளைக்க வேண்டும் என்று வருபவருக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டாம் என்பேன்.

சுக்ரலோஸின் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படாமல் அப்படியே வெளியேறிவிடும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பிலும் அது லேசில் சிதையாது. அசிசல்ஃபேம் என்ற இன்னொரு இனிப்பூட்டியைச் சுவிட்சர்லாந்தில் நிலத்தடி நீரிலேயே கண்டார்கள். கழிவுநீர் எங்கே கலக்கிறது என்பதற்கு அதையே தடயமாக வைத்து 2009இல் ஆய்வும் வெளியானது. நம் டெல்டாவில் நிலமோ ஆற்று மணலும் வண்டலும். கொல்லையில் செப்டிக் டேங்க், நாலு எட்டில் போர்வெல். இனிப்பூட்டி போகும் வழியில் கிருமியும் நைட்ரேட்டும் போகும். முதலில் பயப்பட வேண்டியது அவற்றுக்குத்தான்.

சமையலுக்கு ஒரு சேதி: அஸ்பார்டேம் கொதித்தால் இனிப்பு போய்விடும், பாயசத்தை இறக்கியபின் சேருங்கள். சுக்ரலோஸ் சூடு தாங்கும் என்பார்கள். ஆனால் 120 டிகிரிக்கு மேல் போனால் கேடான குளோரின் சேர்மங்கள் உருவாகலாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019இல் எச்சரித்தது. எண்ணெயில் பொரிக்கும் அதிரசத்துக்கு அது வேண்டாம்.

இதைவிட அவசரமானது ஒன்று. இன்சுலின் போடுபவர்களுக்கு வயலில் வெயிலில் நிற்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுங்கி வியர்த்துக் கொட்டும்போது, பதறிப்போய் மாத்திரை போட்ட காபியையோ டயட் கோலாவையோ கொடுக்கிறார்கள். நாக்குதான் இனிக்கும், ரத்தத்தில் ஒன்றும் ஏறாது. அந்த நேரத்துக்கு நிஜச் சீனிதான் மருந்து. 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். வரப்புக்குப் போகும்போது மடியில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும்.