காணாத மயிலை எண்ணுவது எப்படி?

சாயல்குடிப் பக்கத்தில் நெல்லும் முண்டு மிளகாயும் பயிரிடும் வாசகர் ஒருவர், “மயில் பெருகிவிட்டது என்கிறார்களே, பயிருக்குள் மறைந்து திரிகிற மயிலை யார், எப்படி எண்ணினார்கள்?” என்று கேட்டிருக்கிறார். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களில் கூடு கட்டும் நாரைகளென்றால் கரையில் தொலைநோக்கியுடன் நின்று ஓரளவு எண்ணிவிடலாம். வயற்காட்டு மயிலோ நெற்பயிருக்குள்ளும், சீமைக்கருவேலப் புதருக்குள்ளும், பனங்கூடலின் அடியிலும் நிற்கும். ஆகவே எத்தனையைப் பார்த்தோம் என்பதைவிட, எத்தனையைப் பார்க்காமல் விட்டோம் என்பதே இங்கே முதற்கேள்வி.

அதற்கு விடை தருவது தொலைவு. வரைபடத்தில் நேர்கோடுகளைக் குறித்துக்கொண்டு, விடியற்காலையில் அவற்றின் வழியே நடக்க வேண்டும். மயிலைக் கண்டதும், அது முதலில் நின்ற இடம் கோட்டிலிருந்து செங்குத்தாக எத்தனை மீட்டர் தள்ளியிருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். நமக்கும் மயிலுக்கும் உள்ள நேர்த்தொலைவை, கோட்டுக்கும் நம் பார்வைக்கும் இடைப்பட்ட கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் அது கிடைத்துவிடும்.

விளக்கத்துக்காகச் சில எண்களைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். மொத்தம் 20 கிலோமீட்டர் நடந்து, கோட்டின் இருபுறமும் 100 மீட்டருக்குள் 60 மயில்களைக் கண்டோம். அவற்றில் முதல் 20 மீட்டருக்குள் 24, அடுத்தடுத்த 20 மீட்டர்களில் 18, 11, 5, 2 என்று எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போகிறது. கோட்டை வரைந்தபோது மயில் எங்கே நிற்கும் என்று நாம் பார்க்கவில்லை. எனவே கோட்டுக்கு அருகிலும் தொலைவிலும் சராசரியாக ஒரே அளவு மயில்கள்தான் இருந்திருக்க வேண்டும். அப்படியானால் 24 என்பது 2 ஆகக் குறைந்தது மயில்களின் குறைவு அன்று, நம் கண்ணின் குறைவு. காணாமற்போனவை தம் எண்ணிக்கையை, காணப்பட்டவற்றின் தொலைவுகளிலேயே விட்டுச் சென்றிருக்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. கோட்டை ஒட்டிய முதல் 20 மீட்டர் பட்டையில் எதையும் தவறவிடவில்லை என்று கொள்வோம். ஐந்து பட்டைகளிலும் 24 வீதம் இருந்திருந்தால் மொத்தம் 120. நாம் கண்டதோ அதில் பாதி. நடந்த பரப்பு 4 சதுர கிலோமீட்டர் ஆகையால், சதுர கிலோமீட்டருக்கு 30 மயில்கள். ஆய்வாளர்கள் பட்டைகளுக்குப் பதிலாக, மணியின் பாதி வடிவில் சரியும் ஒரு வளைகோட்டைப் பொருத்துகிறார்கள், அடிப்படை இதுவே.

ஆனால் வரப்பின்மேல் நடக்கும் ஆசையை அடக்க வேண்டும். வரப்போரத்து மரங்களையும் புதர்களையும் நாடி மயில்கள் கூடினால், கோட்டுக்கு அருகில் அவை மிகுந்து, கணக்கு உயர்ந்துவிடும். அதனால் கோடு வரப்புகளை வெட்டிச் செல்ல வேண்டும். விவசாயியின் ஒப்புதலோடு, பயிரை மிதிக்காமல். நம் காலடி கேட்டு மயில் முன்னதாகவே விலகி ஓடிவிட்டால், முதல் பட்டை மெலிந்து கணக்கு தாழ்ந்துவிடும்.

பருவமும் கணக்கில் சேரும். மார்கழியில் நெற்பயிருக்குள் மறைந்திருந்த அதே மயில், அறுவடை முடிந்த மாசியில் அரிதாளின் நடுவே தெளிவாகத் தெரிகிறது. வெறும் தலைகளை எண்ணுகிறவருக்கு மயில் இரு மாதத்தில் பெருகிவிட்டது போலத் தோன்றும். தொலைவையும் குறித்து, பருவத்துக்கு ஒரு வளைகோடு வரைந்தவருக்கே உண்மை தெரியும். பெருக்கமா என்பதைச் சொல்ல, அதே கோடுகளில் ஆண்டுதோறும் நடக்க வேண்டும். 1963-இல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டு, 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை இது. விளைச்சலை இழப்பவரோ மானாவாரி விவசாயி. இருவருக்கும் நியாயமான முடிவை எடுக்க, காப்புக்காட்டுக்கு வெளியேயும் இத்தகைய தொடர் கணக்கெடுப்புக்குப் பணம் ஒதுக்குவது அரசின் கடமை என்றே நான் கருதுகிறேன். இதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற சிலரின் பல ஆண்டு ஊதியமே வேண்டும்.

வாசகர் தம் கொல்லையில் ஆண் மயில்களே மிகுதி என்றும் எழுதியிருக்கிறார். நீலக் கழுத்துடைய ஆண் தொலைவிலேயே கண்ணில் படும். மண்ணிறப் பெட்டை சற்றுத் தள்ளி நின்றாலே தப்பிவிடும். இரண்டுக்கும் தனித்தனி வளைகோடு வரைந்த பிறகே அவருடைய கணிப்பு சரியா என்று சொல்ல முடியும்.