பெல்லந்தூர் நுரைக்குப் பின்னாடி எத்தனை இலாகா இருக்கு?

பெங்களூர்ல அல்சூர்லேருந்து பெல்லந்தூர் பக்கம் வேலைக்கு போறவங்களுக்கு அந்த ஏரி நுரை மறந்திருக்காது, மழை பெஞ்சா கரைய தாண்டி ரோட்டுல வந்து விழும். 2017 பிப்ரவரில ஏரியே பத்திக்கிட்டு எரிஞ்சுது.

நுரை எப்படி வருதுன்னா, நம்ம துணி தொவைக்கிற சோப்புத்தண்ணி சுத்தமாகாமலே ஏரிக்குள்ள போகுது, அதுல ஒரு பங்கு சேத்தோட சேந்து அடியில தங்கிடும், பெருமழைல சேறு கலங்குறப்ப மறுபடி தண்ணிக்குள்ள வந்து, ஏரி நிரம்பி வழியுற கோடியில காத்தோட மோதி பொங்குது.

இதை யார் சரி பண்றது? பாதாள சாக்கடை குடிநீர் வாரியத்தோடது, மழைத்தண்ணி போற ராஜகாலுவே மாநகராட்சியோடது, ஏரி பி.டி.ஏ (பெங்களூர் வளர்ச்சி ஆணையம்) கையில, தண்ணிய டெஸ்ட் பண்றது மாசு கட்டுப்பாட்டு வாரியம். குழாய் போய் சேராத லேஅவுட்ல சாக்கடை ராஜகாலுவேல விழுது, அதனால பி.டி.ஏ எவ்வளவு தூர் வாரினாலும் மேலேருந்து சாக்கடை வர்ற வரைக்கும் சேறு திரும்ப சேந்துக்கிட்டே இருக்கும். அவங்கவங்க வேலைய ஒழுங்கா பண்ணாக்கூட வேலையோட வரிசை தப்புனா காசு வீண், இதத்தான் நான் முக்கியமா சொல்ல வர்றேன். மொதல்ல ஏரிக்கு சாக்கடை வர்றத நிறுத்தணும், அப்புறம்தான் தூர். அந்த வரிசைய முடிவு பண்ண எல்லா இலாகாவுக்கும் ஒரே மேப், ஒரே கெடு, கேள்வி கேக்குற ஒரு ஆள் வேணும், மாசத்துக்கு ஒரு மீட்டிங் போட்டா மட்டும் பத்தாது. 2015ல ஐ.நா. போட்ட 17 நிலையான வளர்ச்சி இலக்குல கடைசி இலக்குக்குள்ள, கொள்கைகள் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகணும்னு தனியாவே ஒரு வரி இருக்கு.

முடியாத காரியம் இல்ல இது. கே.சி. வேலி (கோரமங்களா-செல்லகட்டா பள்ளத்தாக்கு) திட்டத்துல குடிநீர் வாரியம் சாக்கடைய சுத்திகரிச்சு குடுக்குது, சிறு நீர்ப்பாசனத் துறை அதை பம்ப் பண்ணி வறண்டு கெடந்த கோலார் ஏரிகளுக்கு கொண்டு போகுது, நாளைக்கு 440 மில்லியன் லிட்டர்னு திட்டம். 2018ல தண்ணி போக ஆரம்பிச்சதும் கோலார்லயும் நுரை வந்து விஷயம் கோர்ட்டுக்கு போச்சு, ஏன்னா தண்ணிய தள்ளுறதுக்கு ரெண்டு இலாகா சேந்த அளவுக்கு தரத்த பாக்குறதுக்கு சேரல. கோலார் விவசாயி போர் போட்டு குடிக்கிற தண்ணிக்குள்ள எறங்குற விஷயம் இது, அங்க அலட்சியமே கூடாது.

பெல்லந்தூர் நிரம்பினா தண்ணி வர்த்தூர் ஏரிக்கு போகும், அங்கேருந்து தென்பெண்ணை ஆறு, அப்புறம் ஓசூர் கெலவரப்பள்ளி அணை. அந்த மதகுலயும் நுரை பொங்கியிருக்கு, அந்த தண்ணிலதான் அங்க வயல் பாயுது. அதனால அந்த ஒரே மேப்புல தமிழ்நாட்டு நீர்வளத்துறைக்கும் ஒரு இடம் வேணும்.