கதைக்கு முதலில் ரெக்கார்டு பொத்தான் போதும்

டேப்லெட்டை வகுப்புக்குள் கொண்டுபோன முதல் மாதம் எனக்குத் தோல்விதான். ஆளுக்கொன்று கொடுத்து, கதை உருவாக்கும் செயலியையும் திறந்து வைத்தேன். 40 நிமிடம் கழித்துப் பார்த்தால் ராஜாவின் சட்டைக்கு நிறம் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ராஜாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டால், "இன்னும் யோசிக்கல மிஸ்."

இப்போது இரண்டு பேருக்கு ஒன்று. கேமராவும் குரல்பதிவும் மட்டும். தாளில் தாங்களே வரைந்ததைப் படமெடுக்க வேண்டும், நான்கு படத்துக்கு மேல் கூடாது. எதை விடுவது என்று சண்டை வரும். வரட்டும், கதைக்கு எது தேவை என்பதை அந்தச் சண்டையில்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. நோட்டைக் கொடுத்தால், "ஒரு நாய் இருந்தது. அது ஓடியது." அவ்வளவுதான், பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள். அதே நாயைப் பற்றிப் பதிவில் இரண்டு நிமிடம் பேசினாள். ஹெட்ஃபோனில் தன் குரலைக் கேட்டவள் சட்டென்று நிறுத்தி, "மிஸ், நான் எத்தனை 'அப்புறம்' சொல்றேன்!" என்றாள். எண்ணினோம், 11. நான் சிவப்பு மையால் சுழித்திருந்தால் முகம் வாடியிருக்கும். அவளே கண்டுபிடித்ததால் சிரித்துக்கொண்டே மறுபடி பேசினாள். மூன்றாவது பதிவில் அது நான்காகிவிட்டது. "திடீர்னு", "அதுக்குள்ள" எல்லாம் தானாக வந்து உட்கார்ந்தன.

எழுத்துக்குப் போகும்போது தமிழ்க் குழந்தைக்கு ஒரு படி கூடுதல். பேசும் தமிழ் வேறு, எழுதும் தமிழ் வேறு. பதிவை ஒரு வரி ஓட்டி, நிறுத்தி, தாளில் எழுதச் சொல்வேன். "காணாமப் போச்சு" என்று கேட்டது "காணாமல் போய்விட்டது" ஆகும். நாயைத் தேடும் பாட்டி "எங்கடா போன?" என்கிறாளே, அதையும் மாத்தணுமா என்று அந்தச் சிறுமி கேட்டாள். வேண்டாம், மேற்கோள்குறிக்குள் பாட்டி அவள் பாட்டுக்குப் பேசட்டும் என்றேன்.

பேசினால் தானே எழுத்தாகும் வசதி இருக்கிறதே என்று பெற்றோர் கேட்பதுண்டு. 247 எழுத்துகளுக்குக் கை இன்னும் பழகாத வயதில் அது வேண்டாம் என்பேன். தட்டச்சும் அப்புறம்தான். கையால் 'கொ' எழுதும்போது கொம்பு முதலில் வரும், விசைப்பலகையில் 'க' முதலில் வரும். இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் குழப்பம்தான்.

இந்தப் பழக்கம் வந்த பிறகு ஸ்கிராட்ச் ஜூனியர் போன்ற செயலிகளுக்குப் போகலாம். 2014இல் வந்தது, 5 முதல் 7 வயதினருக்கானது, இலவசம். கதாபாத்திரங்களை நகர்த்தி, சொந்தக் குரலையும் சேர்க்கலாம்.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பதிவை உடனே குடும்பக் குழுவில் போட்டுவிடாதீர்கள். குழந்தையின் முகமும் குரலும் எங்கெங்கோ போகும் என்பது ஒரு பக்கம். கதையும் கெட்டுவிடும். அப்படி அனுப்பிப் பழகிய வீட்டுப் பையன் ஒருவன் வகுப்பில் மைக்கைக் கண்டதும், "ஹாய் சித்தி, எப்படி இருக்கீங்க?" என்றுதான் ஆரம்பித்தான்.