தலைகீழாக இறங்கும் இருவர்

வேப்பமரத்தில் விறுவிறுவென்று ஏறிய பூனை இறங்கத் தெரியாமல் முழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். எட்டிப் பார்க்கும், கத்தும், கடைசியில் பின்பக்கமாகவே நகர்ந்து வந்து பாதியில் குதிக்கும். அதே மரத்தில் அணில் தலைகீழாக ஓடி வரும்.

விஷயம் நகத்தில் இருக்கிறது. நகம் ஒரு துறட்டி மாதிரி. இழுத்தால்தான் கிளையைப் பற்றும், தள்ளினால் நழுவும். ஏறும்போது உடல் எடை கீழே இழுப்பதால் நகம் பட்டையில் நன்றாக மாட்டிக்கொள்கிறது. தலைகீழாகத் திரும்பினால் நகமும் கீழ்நோக்கித் திரும்பிவிடும். பூனை மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அணில் பின்னங்காலையே திருப்பிப் போட்டுவிடுகிறது. அதன் கணுக்கால் மூட்டுகள் சுழன்று, பாதம் கிட்டத்தட்ட 180 டிகிரி பின்னால் திரும்பும். அடுத்த முறை அடிமரத்தில் தலைகீழாக நின்று வாலை ஆட்டிக் கத்தும் அணிலைக் கவனியுங்கள். பின்னங்கால் விரல்கள் வால் பக்கம் நீண்டிருக்கும். அந்த இரண்டு கால்களில் தொங்கியபடியே, முன்னங்கால்களில் எதையாவது பிடித்துக் கொறிக்கவும் செய்யும். இதன் அறிவியல் பெயர் ஃபுனாம்புலஸ். லத்தீனில் கயிற்றின் மேல் நடப்பவர் என்று பொருள். பொருத்தமான பெயர்தான்.

சரி, பறவைகளில்? மரங்கொத்தி வாலை முட்டுக்கொடுத்து ஏறுகிற பறவை. தலைகீழானால் அந்த முட்டு பயன்படாது, அதனால் இறங்குவதென்றால் பெரும்பாலும் பின்பக்கமாகத்தான் தத்தும். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் சிட்டுக்குருவியைவிடச் சிறிய ஒரு பறவை உண்டு. நீல முதுகு, சிவந்த அலகு, நெற்றியில் கறுப்பு வெல்வெட் பட்டை. பசையெடுப்பான் என்பார்கள், ஆங்கிலப் பெயர் நட்ஹாட்ச். பாடும் பறவைகள் வகையைச் சேர்ந்தது. அணில் மாதிரியே தலைகீழாக இறங்கும்.

இது பாதத்தைத் திருப்புவதில்லை, திருப்பத் தேவையும் இல்லை. பெரும்பாலான பறவைகளுக்குத்தான் ஒரு விரல் பிறவியிலேயே பின்னோக்கி இருக்கிறதே! இந்தப் பறவைக்கு அந்த விரலின் நகம் நீளமாகவும் வலுவாகவும் இருக்கும். இறங்கும்போது ஒரு காலை மேலே, ஒரு காலைக் கீழே வைத்துக்கொள்ளும். மேல்காலின் பின்நகம் பட்டையில் கொக்கியாக மாட்ட, உடல் அதில் தொங்குகிறது. கீழ்க்கால் முட்டுக்கொடுக்கிறது. வாலுக்கு வேலையே இல்லை.

மேலிருந்து பார்த்தால், கீழிருந்து ஏறும் பறவைகளின் கண்ணில் படாத பட்டை இடுக்குப் பூச்சிகள் கிடைக்கும் என்பார்கள். அணில் நேராக ஓடி இறங்கிவிடும். இது சாய்ந்து சாய்ந்து, வளைந்துதான் வரும். ஒரு கால் எப்போதும் மேலே இருக்க வேண்டுமே.