சட்டைப் பைக்குள் சோப்பு

சிறையிலிருந்து வெளிவந்து நான்கு மாதமான கணவரை ஒரு பெண் அழைத்து வந்திருந்தார். "குளித்ததும் சோப்பைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார், டாக்டர். உள்ளே போய்த் திருட்டுப் புத்தி வந்துவிட்டது என்கிறார் மாமியார்." கணவர் ஈரமான பையைக் கையால் மறைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

இரண்டு ஆண்டுகள் விசாரணைக் கைதியாக இருந்தவர். நாற்பது பேர் அடைந்து கிடக்கும் கொட்டடியில் கீழே வைத்த சோப்பு திரும்பக் கிடைக்காது. திருடக் கற்றவர் செய்கிற காரியமல்ல இது. பறிகொடுத்துப் பழகியவர் செய்வது.

மனநல மருத்துவராக வாரம் ஒருமுறை ஒரு சிறைக்குப் போய்வருகிறேன். "ஆளே இப்படியா, இடம் இப்படி ஆக்குகிறதா?" என்று வார்டர்களே கேட்பார்கள். 1971இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் அடித்தளத்தில் உளவியலாளர் பிலிப் சிம்பார்டோ மாணவர்களைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் நடிக்க வைத்தார். இரண்டு வாரச் சோதனை ஆறே நாளில் நின்றது. சூழ்நிலையே எல்லாம் என்று நாங்களும் வெகுகாலம் படித்தோம். கடுமை காட்டும்படி காவலர்கள் தூண்டப்பட்டிருந்தது பின்னர்தான் வெளியே வந்தது. 'சிறை வாழ்க்கை' பற்றிய ஆய்வு என்று விளம்பரம் செய்தால் முரட்டுக் குணமும் அதிகார ஆசையும் கூடுதலாக உள்ளவர்களே அதிகம் முன்வருகிறார்கள் என்று 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகக் குணத்துக்கும் பங்குண்டு.

ஆனால் கைதி விளம்பரம் பார்த்து வந்தவரல்லர். 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். குற்றமே இன்னும் நிரூபிக்கப்படவில்லை. நீதிமன்றத்துக்கு அழைத்துப்போகும் வழிக்காவலுக்குப் போலீஸ் வராமல் வாய்தா தள்ளிப்போன திங்கட்கிழமை தட்டை வீசியெறிந்த ஒருவர், மகள் 'மனு பார்த்து', அதாவது சிறைக்கு வந்து சந்தித்துவிட்டுப் போன வியாழக்கிழமை தன் பிஸ்கட்டைப் பக்கத்துப் பாய்க்காரருக்குப் பங்கிட்டதைப் பார்த்திருக்கிறேன். பதிவேட்டில் திங்கட்கிழமை மட்டுமே ஏறியது.

குடும்பத்தாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே போன முதல் சில வாரங்கள்தாம் உயிருக்கு ஆபத்தான காலம். மனு பார்க்கும்போது அவர் கண்ணைப் பார்க்காமல் பேசினாலோ, பிள்ளைகளை யாராவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று விடைபெறுவதுபோலச் சொன்னாலோ, அன்றே சிறை மருத்துவருக்கு எழுதிக் கொடுங்கள். மனநோய் உள்ள கைதியைச் சிகிச்சைக்கு மாற்ற 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103ஆவது பிரிவு வழிசெய்கிறது. வெளியில் இருக்கும் உங்களுக்கே தூக்கம் கெட்டால் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் பேசலாம்.

சோப்புக்காரருக்கு நான் மாத்திரை எழுதவில்லை. அவருக்கென்று தனியாக மூடி போட்ட டப்பா ஒன்று வாங்கி வைக்கச் சொன்னேன். அடுத்த முறை வந்தபோது பை நனைந்திருக்கவில்லை. சாப்பாட்டைத்தான் இன்னும் மூன்றே நிமிடத்தில் முடித்துவிடுகிறாராம்.