குடுவையில் இருக்கும் தண்ணீர் காப்பாற்றாது

நாம் ஹூக்கா என்பதை லெபனானில் அர்கிலே என்பார்கள். பெய்ரூத் கடற்கரை நடைபாதைக்குப் பிளாஸ்டிக் நாற்காலியோடு அதையும் தூக்கிக்கொண்டு குடும்பமாக வருவார்கள். கடைக்குப் போன் செய்தால் கனலோடு வீட்டு வாசலுக்கே வந்துவிடும். மகளின் பையில் சிகரெட்டைக் கண்டால் வீட்டை இரண்டாக்குகிற தாய்மாரே, தங்கள் அர்கிலேயை அவளிடம் நீட்டுவதும் உண்டு. சிகரெட் கெட்ட பழக்கமாம், இது உபசாரமாம். வேண்டாமென்றால் கூப்பிட்டவருக்கு முகம் சுண்டிவிடும். பொது இடங்களின் உட்புறத்தில் புகைக்கத் தடை விதித்த 174-ஆம் எண் சட்டம் (2011) உணவகங்களில் 2012 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. கண்காணிப்பு தளர்ந்ததும் கனல் தட்டுகள் திரும்பிவிட்டன.

இதெல்லாம் புரிகிறது. பொறுக்க முடியாதது, "தண்ணீர்தான் வடிகட்டிவிடுகிறதே" என்ற பேச்சு. தலைசுற்றி, வாந்தியெடுத்து, மயங்கி விழுந்து மருத்துவமனைக்கு வருகிறவர்களும் கண் திறந்ததும் இதையே சொல்கிறார்கள்! தண்ணீர் முக்கியமாகப் புகையைக் குளிரவைக்கிறது. குளிர்ந்த புகை தொண்டையைக் கரிக்காது. அதனால்தான் நெஞ்சு நிறைய இழுக்க முடிகிறது. சிகரெட்டில் ஓர் இழுப்பு சுமார் 50 மில்லிலிட்டர். பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கஃபேக்களில் புகைப்பவர்களை அளந்து தங்கள் புகைக்கும் இயந்திரத்துக்கு வைத்த கணக்கு: ஒரு மணி நேர அமர்வில் 171 இழுப்பு, ஒவ்வொன்றும் 530 மில்லிலிட்டர். பெருக்கினால் 90 லிட்டர். நிகோடினில் கொஞ்சம் தண்ணீரில் தங்கும். ஆளை மயக்கிப்போடும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு? அநேகமாகக் கரையவே கரையாது. தண்ணீருக்குப் பதில் பாலை ஊற்றுங்கள், ஐஸைப் போடுங்கள், அதே கதைதான்.

அந்த வாயுவில் பெரும்பகுதி கரியிலிருந்து வருகிறது. முஅஸ்ஸல் என்பது பாகும் கிளிசரினும் ஊறிய ஈரப் புகையிலை, தானாக எரியாது. மேலே இருக்கும் கிண்ணத்தில் 10 கிராம் போல நிரப்பி, துளையிட்ட அலுமினியத் தாளை மூடி, அதன்மேல் கனலை வைப்பார்கள். இழுக்கிற காற்று அந்தக் கனலைத் தாண்டித்தான் உள்ளே வரும். கனல் அணையப் பார்த்தால் "நாரா!" என்று ஒரு குரல், பையன் புதுக் கனல் வைத்துவிட்டுப் போவான். புகையிலையே இல்லாத 'மூலிகை' வகைக்கும் இதே கரிதான் என்பதைக் கவனியுங்கள்.

சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதென்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். கார்பாக்சிஹீமோகுளோபினையும், அதாவது கார்பன் மோனாக்சைடு ஒட்டிக்கொண்ட ஹீமோகுளோபினையும், அது ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே படிக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டும் கோ-ஆக்சிமெட்ரி பரிசோதனையைச் செய்யச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை காத்திராமல் 100% ஆக்சிஜன் கொடுங்கள். வெறும் காற்றில் ரத்தத்திலுள்ள அந்த வாயுவின் அளவு பாதியாகக் குறைய 4, 5 மணி நேரம் ஆகும். ஆக்சிஜனில் ஒன்று, ஒன்றரை மணி.

மற்றவர்களுக்கு: கண்ணாடி அடைத்த பால்கனி, ஏசி அறை இரண்டும் கூடவே கூடாது. கரியை வீட்டுக்குள் பற்றவைக்காதீர்கள். கர்ப்பிணியும் இதய நோயாளியும் குழந்தையும் அந்த மேசையில் இருக்கக் கூடாது. தலை வலித்தால் பசி மயக்கம் என்று நீங்களாகப் பெயர் வைக்காமல், எழுந்து வெளிக்காற்றுக்குப் போங்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் முனை கொடுத்துவிட்டால் சுத்தம் என்கிறார்கள். குழாயின் உட்புறத்தை யார் கழுவினார்கள்?

விருந்தில் மறுக்கக் கூச்சமாக இருந்தால், தயவுசெய்து இதையாவது செய்யுங்கள். அங்கே முனையை எதிராளியின் பக்கம் நீட்டுவது மரியாதையில்லை. குழாயை மடித்துக் கொடுப்பார்கள், அல்லது மேசையில் வைப்பார்கள், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். உங்கள் முறை வரும்போது இழுக்காமல் அப்படியே மேசையில் வைத்துவிட்டுக் காபிக் கோப்பையை எடுங்கள். பேச்சில் கலந்துகொண்டிருக்கும் வரை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.