கரி கரிதானே?

போன வாரம் டர்பன் ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு சலவை ஆலை. பாய்லர் சூடே ஏறவில்லை என்று கூப்பிட்டார்கள். உலைக் கதவைத் திறந்தால் கரி எரியும் தட்டு முழுக்க உருகி இறுகிய சாம்பல், கடப்பாரைக்கும் அசையவில்லை. இந்த வருஷம் இது நாலாவது. முதலாளி பில்லை நீட்டினார்: "34 டன் தம்பி, பத்து சதவீதம் மலிவு. கரி கரிதானே?"

இல்லை ஐயா. நல்ல நிலக்கரி நூறு கிலோவில் சாம்பல் 15, ஈரம் 5 போனால் எரிய 80 கிலோ நிற்கும். உங்கள் கரியில் சாம்பல் 32, ஈரம் 10. எரிந்தது 58 கிலோதான். பத்து சதவீதம் மிச்சம் பிடிக்கப் போய், கால் பங்குக்கு மேல் சூட்டை விட்டுவிட்டீர்கள். அந்த ஈரத்தை ஆவியாக்கவும் உங்கள் கரிதான் எரிந்தது. லாரி வாடகை எரியாத கல்லுக்கும் சேர்த்துத்தான்!

நாட்டுக் கணக்கிலும் இதே கூத்து. டர்பனில் நம் ஆட்கள் வாழும் சாட்ஸ்வர்த்தில் கோயில் அன்னதான வரிசையில்கூட, "இருநூறு வருஷத்துக்குக் கரி இருக்கு" என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் இருப்பு 30 பில்லியன் டன் என்றிருந்த உலகப் புள்ளிவிவரத்தைப் பிறகு 10 பில்லியனாகக் குறைத்தார்கள். மண்ணில் கிடப்பது வேறு, தோண்டினால் கட்டுப்படியாவது வேறு. எங்கள் கொள்ளுத்தாத்தா ஒப்பந்தக் கூலியாக இருந்தது டண்டி சுரங்கத்தில். 1913 இந்தியத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கியவர். அந்த வட நேட்டால் சுரங்கங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. கரி தீர்ந்தா போனது? படிவம் மெலிந்தது, செலவு கட்டவில்லை.

பழைய சுரங்க வட்டாரமான விட்பேங்கில் நல்ல கரிப் படிவங்களை நூறு வருஷத்துக்கு மேலாகத் தோண்டியாயிற்று. கழுவி எடுத்த உயர்ந்த ரகம் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகம் வழியாகக் கப்பலேறுகிறது. சாம்பல் கூடிய ரகம் அரசு மின் நிறுவனமான எஸ்காமின் உலைக்கு. இனி பெரிதாக மிச்சமிருப்பது லிம்போபோ மாகாணத்தின் வாட்டர்பர்க்கில். அங்கே சாம்பல் அதிகம், தண்ணீர் பஞ்சம். கரியில் ஓடிய கோமாட்டி மின்நிலையம் 2022-இல் மூடியாயிற்று. மற்ற பழைய நிலையங்களும் வரிசையில் நிற்கின்றன. புது பாய்லருக்குக் கடன் வாங்குமுன் இதையும் யோசியுங்கள்.

கரி வாங்குகிறவர்களே, ஆய்வுத்தாள் இல்லாமல் பணம் தராதீர்கள். தாளில் இருப்பது காற்றில் உலர்த்திய கரியின் கணக்கா, லாரியில் வந்த ஈரக் கரியின் கணக்கா என்று கேளுங்கள். விற்பவர் முகம் மாறினால் புரிந்துகொள்ளுங்கள். மாதிரியைக் குவியலின் பத்து இடத்தில், உள்ளே தோண்டி எடுத்து, காற்றுப் புகாத பையில் கட்டி அனுப்புங்கள். தயவுசெய்து.

அந்தச் சலவை ஆலையிலிருந்து நேற்று ஒரு பை வந்தது. வாய் கட்டவில்லை, குவியலின் உச்சியில் அள்ளியதாம்.